பேய்த் தோரணத்துக்குக் கூலி என்ன?

அக்டோபர் 31 தானாக வருவதில்லை. நாட்காட்டித் தாளைக் கிழித்தால் தேதி வரும், திருவிழா வராது. அமெரிக்கா ஹாலோவீன் என்று கொண்டாடும் அந்த நாளில் வாசலில் பரங்கி விளக்கும், கதவில் சூனியக்காரித் தொப்பியும், சுவரில் வௌவால் தோரணமும், சாப்பாட்டு மேசையில் ஆரஞ்சும் கறுப்புமாக ஒட்டுப்போட்ட விரிப்பும் இருக்கின்றன என்றால், யாரோ ஒருத்தி ஜூன் மாதமே துணி வெட்ட உட்கார்ந்துவிட்டாள் என்று பொருள். அவள் செய்வதற்கு உலகம் வைத்திருக்கும் பெயர் பொழுதுபோக்கு. அந்தப் பெயரோடுதான் எனக்குச் சண்டை.

நான் கரூரில் பிறந்தவள். 14 வருடங்களாக அமெரிக்காவில் இருக்கிறேன். இங்கே தைக்கும் பெண்களோடு சேர்ந்து நானும் தைக்கிறேன். பேய்களையும் பரங்கிகளையும் துண்டு துண்டாக வெட்டி இணைத்து மேசை விரிப்பு, கதவுத் தொங்கல், தலையணை உறை என்று ஒரு பெட்டி நிறையச் சேர்த்திருக்கிறேன். தூரத்தில் நின்று இரக்கப்படுகிறவளாக இதை எழுதவில்லை.

ஒட்டுத்தையல் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பழைய புடவைகளை அடுக்கி நூலோட்டிக் குழந்தைக்கு விரிப்பார்களே, அதற்கு உறவுமுறைதான் குவில்ட். மேலே துண்டுகளை இணைத்த துணி, நடுவில் மெல்லிய பஞ்சுத் தகடு, அடியில் ஒரே துணி. மூன்றையும் சேர்த்து மேலிருந்து கீழ்வரை தைத்து, சுற்றிலும் ஓரப்பட்டி கட்ட வேண்டும். ஒரு பரங்கியைத் துணியில் கொண்டுவர ஆரஞ்சில் மூன்று சாயல், காம்புக்குப் பழுப்பு, பின்னணிக்கு வேறு நிறம் என எடுத்து, மூலைகள் வளைந்து தெரியும்படி சின்னச் சின்ன முக்கோணங்களை வைத்துத் தைக்க வேண்டும். இணைப்புக்குக் கால் அங்குலம் விட வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒவ்வொரு தையலிலும் அரை நூல் பிசகினால் எட்டாவது தையலில் அரை அங்குலம் பிசகியிருக்கும், பரங்கி கோணிக்கொள்ளும். ஒவ்வொரு இணைப்பையும் இஸ்திரிப் பெட்டியால் அழுத்திய பிறகே அடுத்ததற்குப் போக முடியும். இதில் வடிவக் கணிதம் இருக்கிறது, வண்ணத் தேர்வு இருக்கிறது, மெஷினின் குணம் தெரிந்து ஓட்டுவது இருக்கிறது. இதே திறமைகளை ஒரு தச்சரிடம் பார்த்தால் தொழில் என்கிறோம்.

ஒருமுறை கணக்கு எழுதி வைத்தேன். ஐந்து பரங்கிகள் கொண்ட ஒரு மேசை விரிப்பு. மொத்தம் 112 துண்டுகள். வெட்டுவது, இணைப்பது, அழுத்துவது, மூன்றடுக்கைச் சேர்ப்பது, ஓரப்பட்டியைக் கையால் மடித்துத் தைப்பது எல்லாம் சேர்த்து 21 மணி நேரம். துணிக்கும் பஞ்சுக்கும் நூலுக்கும் 38 டாலர். அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009லிருந்து மணிக்கு 7.25 டாலராகவே நிற்கிறது. அந்தக் கடைநிலைக் கூலியைப் போட்டாலும் என் உழைப்பு 152 டாலருக்கு மேல் வருகிறது. ஆக, விரிப்பின் அடக்க விலை 190 டாலர். பார்க்க அதேபோன்ற ஒன்று கடையில் 25 டாலருக்குத் தொங்குகிறது. இந்த இரண்டு விலைகளுக்கும் இடையில் ஒரு பெண்ணின் 21 மணி நேரம் எங்கே போனது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. ஒரு பக்கம் அது அன்பு என்ற பெயரில் காணாமல் போகிறது. இன்னொரு பக்கம் மலிவு என்ற பெயரில் காணாமல் போகிறது.

முதலில் அன்பை எடுத்துக்கொள்கிறேன். ஒரு பள்ளியில் இலையுதிர்கால விழா. பெற்றோர் குழு மேடைக்கு ஒட்டுத்தையலில் பேய்த் தோரணமும் பின்திரையும் வேண்டுமென்று எங்களைக் கேட்டது. நான்கு பெண்கள் மூன்று வாரம் தைத்தோம். விழா முடிந்ததும் வரவு செலவுக் கணக்கு வந்தது. பாட்டுப் போட்டவருக்குக் கட்டணம், காற்றடைத்த குதிக்கும் மாளிகைக்கு வாடகை, அச்சடித்த பதாகைக்கு ரசீது. எங்கள் பெயர்கள் செலவுப் பக்கத்தில் இல்லை. நன்றிப் பக்கத்தில், ‘அன்போடு தைத்துத் தந்த அம்மாக்கள்’ என்று இருந்தன. பாட்டுப் போட்டவருக்கும் அந்தக் குழந்தைகள்மேல் அன்பு இருந்திருக்கும். அவருடைய அன்பு ரசீதுக்குக் குறுக்கே நிற்கவில்லை. எங்கள் அன்பு மட்டும் ஏன் நின்றது?

இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ‘உங்களுக்குப் பிடித்துத்தானே செய்தீர்கள்?’ ஆமாம், பிடித்துத்தான் செய்தோம். வெட்டிய முக்கோணங்கள் கூர்முனை தவறாமல் சேரும்போது வரும் மகிழ்ச்சியை எதற்காகவும் விட்டுத்தர மாட்டேன். நாதஸ்வரக்காரருக்கு வாசிப்பது பிடிக்கும் என்பதற்காகக் கல்யாண வீட்டில் அவருக்குத் தேங்காய் பழம் மட்டும் கொடுத்து அனுப்புகிறோமா? மகிழ்ச்சியைக் காட்டிக் கூலியை மறுப்பது பெண் வேலைகளிடம் மட்டும் நடக்கும் வழக்கம். சமையலில் நடக்கிறது, குழந்தை வளர்ப்பில் நடக்கிறது, முதியோரைப் பார்த்துக்கொள்வதில் நடக்கிறது. தையல் அந்த வரிசையில் இன்னொன்று.

மானிடவியலாளர் மிக்கேலா டி லியோனார்டோ 1987இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: உறவு வேலை. கலிபோர்னியாவில் வாழ்ந்த இத்தாலிய வம்சாவளிக் குடும்பங்களைப் பார்த்து எழுதியது அது. வாழ்த்து அட்டை அனுப்புவது, தொலைபேசியில் நலம் கேட்பது, பண்டிகைக்கு யார் வீட்டில் யார் கூடுவது என்று தீர்மானிப்பது, சமைப்பது, அலங்கரிப்பது ஆகியவற்றைப் பெண்களே செய்கிறார்கள். வீட்டில் பெண் இல்லாமல் போனால் அந்த வேலை செய்யப்படாமல் கிடக்கிறது. அந்த ஆணின் வாழ்க்கையில் வேறொரு பெண் வந்ததும் அவனுடைய உறவுகள் மறுபடி ஒன்று கூடுகின்றன என்று அவர் கண்டார். குடும்பம் இயல்பாக ஒட்டியிருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது ஒருத்தி ஒட்டிக்கொண்டே இருப்பதால்தான்.

அமெரிக்காவில் இருக்கும் தமிழ்ப் பெண்களுக்கு இது இரட்டை வேலை. பல வருடங்களில் நவராத்திரியும் ஹாலோவீனும் அக்டோபரிலேயே வந்து நிற்கும். கொலுப் படி கட்டி, பொம்மைகளை இறக்கி, ஒன்பது நாளும் சுண்டல் செய்து, வந்தவர்களுக்குத் தாம்பூலம் கொடுத்து முடித்த கையோடு, பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குப் பேய் உடுப்புத் தைக்க உட்கார வேண்டும். கணவர் படம் எடுத்துப் போடுவார். ‘எங்கள் வீட்டு அலங்காரம்’ என்று அதன் கீழே எழுதியிருக்கும். எங்கள் என்ற சொல் எவ்வளவு தாராளமானது!

ஹாலோவீன் எப்போதும் இவ்வளவு வீட்டோடு ஒட்டிய பண்டிகையாக இருந்ததில்லை. அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் 19ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் கொண்டுவந்தது அது. அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். இங்கே அதைவிடப் பெரிதாகவும் குடைய எளிதாகவும் பரங்கி கிடைத்தது. அந்த இரவு இளைஞர்களின் அட்டகாசத்துக்கு உரியதாக இருந்தது. வேலியைப் பிடுங்குவது, ஜன்னலை உடைப்பது, வண்டியைக் கவிழ்ப்பது என்று சேதம் வளர்ந்துகொண்டே போனது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஊர்கள் அதை அடக்க ஒரு வழி கண்டன. விருந்து வைத்துப் பையன்களை உள்ளே கூப்பிடுவது. அந்த விருந்தை யார் வைத்தார்கள்? அம்மாக்களும் பள்ளி ஆசிரியைகளும் பெண்கள் சங்கங்களும். கிரேப் காகிதம் விற்ற டென்னிசன் என்ற நிறுவனம் 1909இல் ஹாலோவீன் அலங்காரத்துக்கென்றே ஒரு சிறு புத்தகம் போட்டது. பின்னர் அது வருடம்தோறும் வந்தது. எந்தச் சுவரில் எந்தப் பூனையை ஒட்டுவது, என்ன உடுப்புத் தைப்பது என்று வீட்டுப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்த புத்தகம். பையன்கள் உடைத்தார்கள், பெண்கள் அலங்கரித்தார்கள், ஊர் அமைதியானது. காவல்துறை செய்ய வேண்டியதைப் பெண்கள் காகிதத்தாலும் துணியாலும் செய்து கொடுத்தார்கள். காவலருக்குச் சம்பளம் உண்டு.

இன்றைக்கு அது பெரிய வணிகம். அமெரிக்கச் சில்லறை வணிகக் கூட்டமைப்பின் மதிப்பீட்டில் 2023ஆம் ஆண்டு ஹாலோவீன் செலவு சுமார் 1,220 கோடி டாலர். மிட்டாய், உடுப்பு, அலங்காரம், வாழ்த்து அட்டை எல்லாம் அதில் அடக்கம். நான் துணிக் கடையில் கொடுக்கும் காசு அந்தக் கணக்குக்குள் வரலாம். அந்தத் துணியை விரிப்பாக்கிய 21 மணி நேரம் எந்தக் கணக்கிலும் வராது.

இனி அந்தச் சூனியக்காரிக்கு வருகிறேன். கறுப்பு முக்கோணத் தொப்பி, துடைப்பம், கோடு போட்ட காலுறை. ஒட்டுத்தையலில் வெட்டுவதற்கு மிக எளிய உருவம், அதனால் எல்லாருக்கும் பிடிக்கும். அவள் யார் என்று தைக்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டாமா? மாசசூசெட்ஸில் உள்ள சேலம் ஊரில் 1692இல் சூனியக் குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். அவர்களில் 14 பேர் பெண்கள். முதலில் தூக்கிலிடப்பட்டவர் பிரிட்ஜெட் பிஷப், நாள் ஜூன் 10. அவருக்கு எதிராகச் சொல்லப்பட்ட சாட்சியங்களில் இரண்டு எங்களைப் போலத் தைக்கும் பெண்களின் வயிற்றைக் கலக்கும். சாயம் போடும் ஒருவர் சொன்னார்: பிஷப் தன்னிடம் சாயம் போடக் கொண்டுவந்த லேஸ் துண்டுகளில் சில எதற்கும் உதவாத அளவுக்குச் சிறியவை என்று. பிஷப் முன்பு குடியிருந்த வீட்டின் நிலவறைச் சுவரை இடித்த இரண்டு வேலையாட்கள் சொன்னார்கள்: சுவர்ப் பொந்துகளில் கந்தல் துணியில் செய்த பொம்மைகள் இருந்தன, அவற்றில் தலையில்லாத குண்டூசிகள் குத்தியிருந்தன என்று.

துண்டுத் துணியும் கந்தல் பொம்மையும் குண்டூசியும். என் தையல் பெட்டியைத் திறந்தால் இன்றைக்கும் இவைதான் இருக்கும். அன்று ஒரு பெண்ணின் கழுத்துக்குக் கயிறு வர இவை உதவின. பிஷப் உள்ளிட்ட ஐவரின் பெயரிலிருந்து பழியை நீக்கும் சட்டத்தில் மாசசூசெட்ஸின் பொறுப்பு ஆளுநர் ஜேன் ஸ்விஃப்ட் கையெழுத்திட்டது 2001இல். 309 வருடம் கழித்து. தேதி என்ன தெரியுமா? அக்டோபர் 31. அந்த வழக்குகளில் தண்டிக்கப்பட்டு மீதமிருந்த கடைசிப் பெண்ணின் பெயர், பள்ளிப் பிள்ளைகள் விடாமல் முயன்றதால், 2022இல் துலக்கப்பட்டது. நம் நாட்டில் இது பழங்கதையாகக்கூட ஆகவில்லை. சூனியக்காரி என்று முத்திரை குத்திப் பெண்களை வதைப்பதைத் தடுக்க பீகார் 1999இலும் ஜார்க்கண்ட் 2001இலும் அசாம் 2015இலும் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. ஆகவே அந்தத் தொப்பியைத் தைக்காதே என்று நான் சொல்லவில்லை. தை, ஆனால் யாருடைய தொப்பி என்று தெரிந்து தை. 1968ஆம் ஆண்டு ஹாலோவீன் அன்று நியூயார்க்கில் ஒரு பெண்ணியக் குழு சூனியக்காரிகளாக உடுத்திக்கொண்டு, வால் தெருவில் பங்குச் சந்தைக்குச் சாபம் கொடுக்கப் போனது. அந்தத் தொப்பிக்கு அப்படியும் ஒரு தலை உண்டு.

இங்கே பெண்ணியத் தோழிகள் சிலரோடும் எனக்கு வழக்கு இருக்கிறது. ஊசியைக் கண்டாலே அவர்களுக்கு ஒவ்வாது. ‘பாட்டிகள் வேலை’ என்பார்கள், ‘வசதியான வீட்டுப் பெண்களின் நேரம் கொல்லி’ என்பார்கள். பெண்ணை வீட்டுக்குள் உட்கார வைக்கத் தையல் பயன்பட்டது உண்மை. ரோசிகா பார்க்கர் 1984இல் எழுதிய ‘தி சப்வெர்சிவ் ஸ்டிச்’ என்ற நூல் இதைத்தான் விரிவாகச் சொல்கிறது: பூத்தையல் பெண்ணுக்கு அடக்கத்தைக் கற்பித்த கருவி, அதே ஊசி அவள் எதிர்த்துப் பேசவும் கருவியானது. முதல் பாதியை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினால், ஊசியை இழிவாகப் பார்த்தவர்களின் பக்கம்தான் நாமும் போய்ச் சேருவோம். தமிழில் தையல் என்ற சொல்லுக்குப் பெண் என்றும் பொருள் உண்டு. பெண் பேச்சைக் கேட்காதே என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும் இடத்தில் ஆத்திசூடி பயன்படுத்துவது அந்தச் சொல்லைத்தான். தையல் வேலை கேட்பாரற்றது என்று நாம் சொல்லும்போது, அந்தப் புத்தியைத்தான் வேறு வார்த்தையில் சொல்கிறோம்.

கேட்பாரற்றது என்பதும் பொய். கேட்பார் வரும்போது காசு வேறு கைக்குப் போகிறது, அவ்வளவுதான். ஜார்ஜியா மாநிலத்தில் 1837இல் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் பைபிள் கதைகளைத் துணியில் வெட்டித் தைத்து ஒரு குவில்ட் செய்தார். முதலில் விற்க மறுத்தார். பின்னர் கஷ்டம் வந்தபோது 10 டாலர் கேட்டு, 5 டாலருக்குக் கொடுத்தார். அது இன்று வாஷிங்டனில் உள்ள தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் பொக்கிஷம். 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் குவில்ட்களை நவீன ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கவிட்டது. கலை உலகம் வியந்தது. வியப்பெல்லாம் வடிவத்துக்கு, தைத்தவர்களுக்கு அல்ல. இதைக் கண்டித்து பெட்ரீஷியா மைனார்டி 1973இல் எழுதினார்: பெண்கள் தங்களுக்கென்று வளர்த்த கலை இது, பல பெண்கள் தைத்ததில் பெயரும் போட்டிருக்கிறார்கள், அப்படியிருக்க அநாமதேயக் கலை என்று சொல்வது எப்படி என்று.

அலபாமாவின் ஜீஸ் பெண்ட் கறுப்பினப் பெண்களின் கதை இன்னும் கூர்மையானது. பழைய வேலை உடுப்புகளைக் கிழித்துக் குளிருக்குத் தைத்தவர்கள் அவர்கள். 1966இல் அந்த வட்டாரப் பெண்கள் ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ என்ற கூட்டுறவை அமைத்தார்கள். வாக்குரிமை கேட்டதற்காக வீடும் வேலையும் இழந்த மக்கள் வாழ்ந்த ஊர் அது. கையில் காசு வர வேண்டும் என்பதே நோக்கம். 2002இல் அவர்களுடைய குவில்ட்கள் விட்னிக்கு வந்தன, 2006இல் தபால்தலையில் ஏறின. 2007இல் அவர்களில் சிலர், தங்களுக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்று வழக்குப் போட வேண்டியிருந்தது. பின்னர் அது சமரசத்தில் முடிந்தது. புகழ் வந்தாலும் கணக்குக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இனி மலிவின் பக்கம். கடையில் 25 டாலருக்குத் தொங்கும் அந்த விரிப்பைத் திருப்பிப் பார்த்தால், சீட்டில் இந்தியா என்றோ சீனா என்றோ இருக்கும். இந்தியா என்று இருந்தால் எனக்கு உடனே என் ஊர் நினைவு வரும். மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு, ஏப்ரன், கையுறை, குவில்ட் என்று வீட்டுத் துணிகளை அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்புகிற ஊர் கரூர். என் சித்தி அங்கே ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் செக்கிங் மேசையில் பல வருடம் நின்றவர். டெய்லர்களில் ஆண்களும் உண்டு. பிசிறு வெட்டுவது, கறை பார்ப்பது, மடிப்பது, சீட்டு மாட்டுவது என்றால் பெரும்பாலும் பெண்கள். ஹாலோவீன் சரக்கு கடைக்கு ஆகஸ்டிலேயே வந்துவிடும். அப்படியானால் அது தயாராவது அதற்கும் மாதங்களுக்கு முன்னால், நம் ஊர் வெயிலில். ‘திருஷ்டிப் பூசணிக்கு மூஞ்சி வரையற மாதிரியே வரைஞ்சிருக்காங்க கண்ணு, இத எதுக்குச் சோறு திங்கிற மேசைல விரிக்கிறாங்க?’ என்று சித்தி கேட்டார். எதற்கென்று தெரியாமலே ஆயிரக்கணக்கான பரங்கிகளின் பிசிறை வெட்டியவர் அவர். பண்டிகையின் பெயர்கூடச் சொல்லப்படாமல் பண்டிகையைத் தயாரித்தவர்.

வீட்டில் தைப்பவளுக்கு நேரம் உண்டு, கூலி இல்லை. கரூரில் வேலை செய்பவளுக்குக் கூலி உண்டு, நேரம் இல்லை. ஷிப்மென்ட் நெருங்கினால் இரவும் வேலை. ஆர்டர் குறைந்தால் நாளைக்கு வர வேண்டாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது வரியை 50 சதவீதமாக்கியபோது எல்லாரும் ஏற்றுமதியாளரின் நஷ்டத்தைப் பேசினார்கள். பிசிறு வெட்டுபவளின் நஷ்டம் எத்தனை பேர் வாயில் வந்தது? இருவரையும் எதிரெதிரே நிறுத்துவது சந்தைக்கு வசதி. 25 டாலர் விரிப்பைக் காட்டி என்னிடம், ‘உன் விரிப்புக்கு 190 டாலரா?’ என்று கேட்கலாம். என்னைக் காட்டிச் சித்தியிடம், ‘அங்கே பெண்கள் ஆசைக்குச் சும்மாவே தைக்கிறார்கள், இது என்ன பெரிய வேலை?’ என்று கேட்கலாம். பெண் இனாமாகச் செய்யும் வேலைக்குக் கூலி கொடுக்க நேரும்போது, அந்தக் கூலி எப்போதும் அடிமட்டத்திலிருந்தே தொடங்கும். நான் வாங்காமல் விட்ட கூலி சித்தியின் கூலியையும் இழுத்துப் பிடிக்கிறது. அதனால்தான் இது என் பெருந்தன்மையோடு முடிகிற விஷயம் இல்லை.

‘அப்படியானால் மகளுக்குத் தைக்கும் தொப்பிக்கும் பில் போடுவாயா?’ என்று கேட்பவர்கள் இருப்பார்கள். போட மாட்டேன். மகளுக்குக் கொடுப்பது கொடை. கொடுப்பவள் தீர்மானித்தால்தான் அது கொடை. கேட்பவர் தீர்மானித்தால் அதற்குப் பெயர் வெட்டி வேலை. பள்ளியும் கோவிலும் சங்கமும் அலுவலகமும் கேட்கும்போது, மற்ற எல்லாருக்கும் ரசீது எழுதும் அதே கையால் தைப்பவளுக்கும் எழுதட்டும். முடியாது என்றால் அச்சடித்த காகிதத் தோரணம் கட்டட்டும். அலங்காரம் இல்லாத மேடை ஒன்றிரண்டு வருடம் நின்றால்தான், இவ்வளவு நாள் அது யாரால் அழகாக இருந்தது என்று தெரியும்.

வீட்டுக்குள்ளும் ஒரு கோரிக்கை. தைப்பது உனக்குப் பிடிக்கும் என்றால் தை. சுண்டல் தாளிப்பதையும் கொலுப் படி கட்டுவதையும் பிள்ளையின் உடுப்புக்கு அளவெடுப்பதையும் வீட்டு ஆண்கள் செய்யட்டும். பையன்களுக்குப் பொத்தான் தைக்கவும் மெஷினில் நூல் கோக்கவும் கற்றுக்கொடுங்கள். திருவிழா வேண்டும் என்கிறவர்கள் திருவிழாவின் வேலையிலும் பங்கெடுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. குவில்ட் தைப்பவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. முடித்ததும் பின்பக்கம் ஒரு சிறு துணிச் சீட்டு வைத்து, அதில் பெயர், ஊர், வருடம் எழுதித் தைப்பார்கள். நம் பாட்டிகளின் விரிப்புகளில் அப்படி ஒரு சீட்டு இருந்திருந்தால் எத்தனை பெயர்கள் நமக்குக் கிடைத்திருக்கும்! அந்தச் சீட்டில் நான் இன்னொரு வரி சேர்க்கிறேன், எத்தனை மணி நேரம் என்று. நீங்களும் சேருங்கள், அழியாத மையில், எண்ணால். விரிப்பைத் திருப்பிப் பார்க்கிற எவரும் இனிமேல் அதை வெறும் பொழுதுபோக்கு என்று சொல்லத் தயங்கட்டும். கடைச் சரக்கின் சீட்டில் நாட்டின் பெயர் மட்டும் இருக்கிறது. அதைத் தைத்தவளுக்கும் பிசிறு வெட்டியவளுக்கும் என்ன கூலி கொடுத்தீர்கள் என்று கடைக்காரரிடம் கேளுங்கள், பதில் வராவிட்டாலும் கேளுங்கள். பேயைக் கண்டு யாரும் இப்போது பயப்படுவதில்லை. கணக்குக் கேட்கும் பெண்ணைக் கண்டால் பயப்படுகிறார்கள்.